பழைய மோட்டார் சைக்கிள் உறுப்புகளுக்குப் பொடிப் பூச்சு இடுதல்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் நாட்டில் யாவரும் அறிந்த பழமொழி. அதன் உண்மையைச் சென்ற கோடை விடுமுறையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் எமக்குக் கற்பித்தது. எம்முள் ஒருவரின் பாட்டனார் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவர் நெடுங்காலம் ஓட்டிய புல்லட் வண்டி, அவர் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் சாக்கினால் மூடப்பட்டுச் சில ஆண்டுகளாகக் கிடந்தது. அதனைப் பிரித்துத் துரு நீக்கி, அதன் சிறிய உறுப்புகளுக்கு வீட்டிலேயே புதுப் பூச்சு இடுவதென்று யாம் மூவர் முனைந்தோம். அம்முயற்சியில் யாம் கற்றவற்றையும், பிழைபட்டுத் திருந்தியவற்றையும், இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்க்குப் பயன்படுமென்று கருதி ஈண்டுத் தொகுத்து எழுதுகின்றோம்.

புல்லட் என்னும் பெயர் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரிலிருந்த ராயல் என்பீல்டு தொழிற்சாலையில் 1932-ஆம் ஆண்டில் தோன்றியது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா என்னும் நிறுவனம் ஏற்பட, திருவொற்றியூரில் இவ்வண்டி உருவாகத் தலைப்பட்டது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பின்னரும் சென்னைப் புல்லட் நின்றுவிடவில்லை. ஆதலின் நம் ஊர்களில் பழைய வண்டியைப் புதுக்குவோர் கையில் பெரும்பாலும் அகப்படுவது இவ்வண்டியேயாகும்.

பொடிப் பூச்சாவது யாது?

பழங்காலத்து மோட்டார் சைக்கிள்களின் கறுப்பு நிறம், எனாமலைப் பூசி அடுப்பிலிட்டுச் சுட்டதனால் அமைந்தது. அவ்வெனாமல் திரவமானது, கரைப்பான் ஆவியாய்ப் போன பின்னரே பூச்சு நிலைபெறும். பட்டறைகளில் 'பவுடர் கோட்டிங்' என வழங்கும் பொடிப் பூச்சிலோ கரைப்பான் என்பதே இல்லை. பிசினும், நிறமும், இறுக்கும் பொருளும் ஒன்றாய்க் கலந்து மாவுபோல் அரைக்கப்பட்ட பொடியே அதன் மூலப்பொருள். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பார், காற்றூதி மிதக்கவிட்ட பொடிக்குள் சூடான உலோகத்தை அமிழ்த்திப் பூச்சேற்றும் முறையைக் கண்டார். பொடிக்கு மின்னேற்றித் தெளிக்கும் முறை 1960-களில் பரவியது. இன்று வீட்டுப் பட்டறைகளிலும் கையாளப்படுவது இப்பின்னைய முறையே.

தலை வாரிய சீப்பு காகிதத் துண்டுகளை இழுப்பதைச் சிறுவரும் அறிவர். அஃதேபோல், துப்பாக்கி வடிவான தெளிப்பானின் முனையில் மின்னேற்றம் பெற்ற பொடி, புவியோடு கம்பியால் இணைக்கப்பட்ட உலோகத்தை நாடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். அந்நிலையில் விரல் பட்டாலும் உதிர்ந்துவிடும். பின்னர் அடுப்பிலிட்டவுடன் பொடி முதலில் உருகி ஒன்றோடொன்று கலந்து பரவும். அதன்மேல் உள்ளிருக்கும் பொருள்கள் தம்முள் வினைபட்டு இறுகும். மெழுகு உருகி உறைவதற்கும் முட்டை வேகுவதற்கும் வேற்றுமை உண்டன்றோ? உறைந்த மெழுகை மீண்டும் உருக்கலாம். வெந்த முட்டையை மீண்டும் பச்சை முட்டையாக்க இயலாது. பொடிப் பூச்சு முட்டையைப் போன்றது. இறுகிய பின் அது மறுபடி உருகுவதில்லை. அதன் பருமன் ஏறத்தாழ 60 முதல் 80 மைக்ரான்; மனிதர் தலைமயிர் ஒன்றின் பருமனளவே எனலாம்.

பொடியிலும் வகைகள் உள. எபாக்ஸிப் பொடி துருவை நன்கு தடுக்கும். ஆயினும் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்பு படிந்தாற்போல் ஆகிவிடும். பாலியெஸ்டர்ப் பொடி வெயிலைத் தாங்கும். ஆதலின் துத்தநாகம் கலந்த எபாக்ஸியை அடியிலும் பாலியெஸ்டரை மேலும் இடுதல் வெளியில் ஓடும் வண்டிக்குச் சிறந்தது.

எவற்றுக்கு இடலாம், எவற்றுக்கு இடலாகாது?

இக்கேள்விக்கு விடை காணாமல் அடுப்பை மூட்டுதல் கூடாது. வீட்டில் கிடைக்கும் அடுப்பினுள் வண்டியின் சட்டம் புகாது. அதற்குப் பெரிய அடுப்புடைய பட்டறையை நாடுவதே வழி. விளக்கைத் தாங்கும் பட்டைகள், கருவிப் பெட்டி, கால் வைக்கும் தாங்கிகள், பிரேக்கு மிதி, பக்கத் தாங்கி முதலிய எஃகு உறுப்புகளே வீட்டு முயற்சிக்கு ஏற்றவை.

பெட்ரோல் டாங்கியை அடுப்பிலிடவே கூடாது. பல ஆண்டுகள் காலியாய்க் கிடந்ததாயினும் அதனுள் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம், அது வெடிக்கும். மேலும், பழைய டாங்கிகளின் ஓட்டைகளை வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசு கொண்டு அடைத்திருப்பர். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த பற்றாசு 183 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். பொடி இறுகுவதற்கு வேண்டிய சூடோ 180 முதல் 200 டிகிரி. அடைப்பு உருகி வெளியேறிய டாங்கியை அறியாது வண்டியிற் பூட்டினால் விளைவதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. டாங்கிக்குத் திரவ வர்ணமே உரியது.

புகைக்குழாயின் சூட்டைச் சாதாரணப் பொடி தாங்காது. என்ஜினின் சிலிண்டரைச் சூழ்ந்த தகடுகள் சூட்டை வெளியேற்றுதற்கே அமைந்தனவாதலின், அவற்றைத் தடித்த பூச்சால் போர்த்துதல் தகாது. பிற்கால வண்டிகளின் வார்ப்பு அலுமினியச் சக்கரங்கள் பல, சூட்டினாற் பதம்செய்து உறுதியேற்றப்பட்டவை. நெடுநேரம் மிகைச் சூட்டில் வைத்தால் அவ்வுறுதி குறையும். ரப்பர், பிளாஸ்டிக், கிரீஸ் அடைத்த பேரிங்கு ஆகியவற்றைக் கழற்றாமல் எவ்வுறுப்பையும் அடுப்பிலிடலாகாது.

எமது முதற்பிழை

யாம் முதலில் எடுத்துக்கொண்டது கருவிப் பெட்டியின் மூடி. அதனை மண்ணெண்ணெயாற் கழுவித் துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தோம். கண்ணுக்குத் துப்புரவாகவே இருந்தது. பொடி தெளித்துச் சுட்டெடுத்தபோது, முகம் பார்க்கலாம்போல் மின்னியது. அன்று மாலை வந்தவர்க்கெல்லாம் அதனைக் காட்டி மகிழ்ந்தோம். மறுநாட் காலையில் ஒருவர் அதன் ஓரத்தை நகத்தால் நெருட, வாழைப்பட்டை உரிவதுபோல் ஒரு விரற்கடை நீளம் உரிந்து வந்தது. உரிந்த இடத்தில் விரலை வைத்தபோது எண்ணெய்ப் பசை தட்டுப்பட்டது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைத்ததேயன்றித் தானும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச் சென்றிருந்தது. எண்ணெய்மேல் எப்பூச்சும் நில்லாது.

அதன்பின் யாம் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டோம். முதலில் மண்ணெண்ணெய், பின்னர்ச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீர், அதன்பின் தெளிந்த நீர். இங்கு ஓர் எளிய சோதனை உண்டு. கழுவிய உலோகத்தின்மேல் நீரை ஊற்றுக. நீர் உடையாது ஒரே படலமாய்ப் பரவி நின்றால் உலோகம் துப்புரவாயிற்று. முத்து முத்தாய்த் திரண்டு விலகினால் எண்ணெய் இன்னும் உள்ளது என அறிக. இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. எம் முதல் மூடியை இவ்வாறு சோதித்திருப்போமாயின் ஒரு நாளுழைப்பு வீணாகியிராது.

பழைய பூச்சைக் களைதல்

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். இந்தியாவில் வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்துலட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் விதி 2016-இல் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன் பூசப்பட்ட வண்டி வர்ணத்தை ஐயுறுதலே அறிவுடைமை. ஆதலின் உலரத் தேய்த்தலாகாது. நீர் விட்டுத் தேய்த்து, கழிவைத் துணியில் ஏந்திக் கட்டிவைத்தல் வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றம் இவ்வேலைக்கு உரிய இடமன்று. ஆற்றுமணலைக் காற்றழுத்தத்தால் வீசித் துரு நீக்குவோரும் உளர். அம்மணற்றூள் நுரையீரலுட் சென்று தங்கி, மாற்றுதற்கரிய நோயை விளைவிக்கும். அதற்கென விற்கும் அலுமினிய ஆக்ஸைடு முதலிய பொடிகளை மூடிய பெட்டிக்குள் வைத்தே வீசுதல் வேண்டும்.

மெதிலீன் குளோரைடு கலந்த வர்ண நீக்கிகள் விரைந்து வேலை செய்யும். ஆனால் அடைத்த அறையில் அவற்றின் ஆவியைச் சுவாசித்து உயிர் துறந்தோர் உண்டு. பொதுமக்களுக்கு அவ்வகை வர்ண நீக்கிகளை விற்பதை அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டு விதியால் தடுத்தனர். யாம் எஃகு உறுப்புகளுக்குக் காஸ்டிக் சோடாக் கரைசலைக் கையாண்டோம். அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. சோடாவை நீரிற் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றிச் சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. கண்ணாடியும் ரப்பர்க் கையுறையும் அணியாமல் அதனருகே செல்லலாகாது. அலுமினிய உறுப்பை அதில் இட்டால் உறுப்பே கரைந்து, எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு எழும். சுருள்வில், உறுதி மிக்க போல்டு ஆகியவற்றை அமிலத்தில் ஊறவைத்தலும் தீது. ஹைட்ரஜன் எஃகினுட் புகுந்து, பின்னொரு நாள் முன்னறிவிப்பின்றி முறியச் செய்யும்.

பிரேக்கு மிதியில் கண்டது

பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பிரேக்கு இடக்காலுக்கும் உரியன. அப்பிரேக்கு மிதியின்மேல் மூன்று அடுக்கு வர்ணம் இருந்தது. அடியில் கறுப்பு, அதன்மேல் சாம்பல், அதற்கும் மேல் மீண்டும் கறுப்பு. சோடாக் கரைசலில் ஓரிரவு ஊறியபின், அவை தோல்போற் கழன்று வந்தன. கம்பித் தூரிகையால் துலக்கியபோது, மிதி அச்சிற் பொருந்தும் வளையத்தை ஒட்டி, மயிரிழைபோல் ஒரு கோடு தென்பட்டது. கீறலோ விரிசலோ என்று எமக்குள் வாதம் எழுந்தது.

இத்தகைய ஐயத்தைத் தீர்க்க ஒரு சோதனை உண்டு. விரிசலுள் ஊடுருவும் சிவப்புச் சாயத்தைத் தடவிப் பத்து நிமிடம் விட்டு, மேலுள்ளதைத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளிக்க வேண்டும். வெறுங் கீறலாயின் பெரும்பாலும் வெண்மை கெடாது. விரிசலாயின் உள்ளே ஒளிந்த சாயம் வெண்மையின்மேல் ஊறி வெளிப்படும். யாம் பார்த்திருக்கையில், வளையத்தின் பாதியைச் சுற்றிச் சிவந்த கோடு ஒன்று மெல்ல எழுந்தது. பிரேக்கு மிதி பாதி முறிந்திருந்தது!

இங்கு ஒரு நுட்பத்தையும் கூறுதல் வேண்டும். பாரம் தாங்கும் உறுப்புகளை முதலிலேயே துகள் வீசித் துலக்கினால், துகள்களின் மோதலால் விரிசலின் வாய் மூடிக்கொள்ளக் கூடும். பின் சாயம் உட்புகாது, சோதனை பொய்த்துவிடும். ஆதலின் அவற்றின் வர்ணத்தைக் கரைசலாற் களைந்து, சாயச் சோதனை செய்த பின்னரே துகள் வீசுதல் முறை.

மிதியைப் பாட்டனாரிடம் காட்டினோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அணிந்து, நெடுநேரம் அதனையே நோக்கினார். பின்பு, "கொடைக்கானலுக்குப் போவதற்கு முதல் வாரந்தான் வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். உங்கள் பாட்டியையும் உன் அப்பனையும் ஏற்றிக்கொண்டு, இந்த மிதியை நம்பித்தானே மலையிறங்கினேன்" என்றார். விரிசல் அன்றே இருந்ததோ, பின்னர்த் தோன்றியதோ, யாரறிவார்? அதனை வெளிக்காட்டாமல் வைத்திருந்தது மேலிருந்த வர்ணமே. பழைய மிதியையே பற்றவைத்துக் காக்கலாமென எம்முள் ஒருவர் கூறினார். பெரியவர் அதற்கு இசையவில்லை. புது மிதி வாங்கிப் பூட்டினோம். பழையதைப் பூச்சின்றிக் கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கின்றோம்.

பூச்சு இடுதல்

துலக்கிய எஃகு, காற்றின் ஈரத்தால் ஓரிரவுக்குள் பழுப்பேறும். ஆதலின் அன்றன்றைக்குத் துலக்கியதை அன்றன்றே பூசிவிடுதல் வேண்டும். மரைகள், அச்சு புகும் துளைகள், ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் முகங்கள் ஆகியவற்றைச் சூடு தாங்கும் நாடாவாலும் சிலிக்கோன் அடைப்பானாலும் மறைத்தல் அவசியம். போல்டின் தலைக்கடியில் தடித்த பூச்சு இருக்குமாயின், நாளடைவில் அது நசுங்க, போல்டு தளரும். விளக்கு, ஹாரன் முதலியவற்றின் மின்னோட்டம் வண்டியின் உலோகத்தின் வழியே திரும்புவதாதலின், எர்த்துக் கம்பி பொருந்தும் இடத்தையும் பூச்சின்றி விடவேண்டும். இல்லையேல் அழகான வண்டி இருளில் நிற்கும்.

வார்ப்பு உறுப்புகளின் நுண்டுளைகளில் எண்ணெயும் காற்றும் அடைந்திருக்கும். அவற்றைப் பூச்சுக்கு முன்னரே, பூச்சு சுடும் சூட்டைவிடச் சிறிது மிகுந்த சூட்டில் வைத்து ஆற்றினால், உள்ளிருப்பவை வெளியேறும். இதனை விடுத்தால், பூச்சு உருகும் வேளையில் அவை கொப்புளித்து ஊசித்துளைகளை உண்டாக்கும்.

தெளிக்கும்போது உறுப்பைக் கம்பியில் தொங்கவிட்டு, எர்த்து இணைப்பை அவ்வெற்று உலோகத்திலேயே பொருத்துக. உள்மூலைகளில் பொடி எளிதிற் புகாது. மின்விசை விளிம்புகளையே முதலில் நாடும். ஆதலின் மூலைகளை முதலிலும், வெளிமுகங்களைப் பின்னரும் தெளித்தல் நன்று. மிகுதியாகத் தெளித்தால் நன்மையில்லை. பூச்சு ஆரஞ்சுத் தோல்போற் கரடுபடும். காற்றில் மிதக்கும் பொடி தீப்பொறி பட்டால் பற்றி எரியும். ஆகவே அவ்விடத்தில் சுடரோ புகையிலையோ கூடாது. தூளைத் தடுக்கும் நல்ல முகமூடி அணிதல் வேண்டும்.

அடுப்பு மின்சார அடுப்பாயிருத்தல் வேண்டும். எரிவாயு அடுப்பு ஆகாது. ஒருமுறை பூச்சுக்குப் பயன்பட்ட அடுப்பில் மீண்டும் உணவு சமைக்கவே கூடாது. யாம் பழைய அடுப்பு ஒன்றை விலைக்கு வாங்கி, காற்றோட்டமுள்ள கொட்டகையில் வைத்து, 'சமையலுக்கன்று' எனச் சிவப்பெழுத்தில் எழுதினோம்.

சுடுவதில் பலரும் தவறுவது காலக் கணக்கில். பொடியின் உறைமேல் '200 டிகிரி, 10 நிமிடம்' என்று இருந்தால், அது அடுப்பின் காற்றைக் குறித்ததன்று; உறுப்பின் உலோகம் அச்சூட்டை அடைந்த பின் எண்ணத்தக்க காலம் அது. தடித்த உறுப்பு சூடேறவே அரைமணி ஆகலாம். சூட்டைத் தொடாமல் அளக்கும் கருவி பளபளக்கும் உலோகத்தில் பிழைபட்ட அளவு காட்டும். பூச்சேறிய பரப்பில் அளந்தால் ஏறத்தாழச் சரியாயிருக்கும். போதிய சூடின்றி எடுத்த பூச்சு பார்வைக்கு நன்றாயிருந்தும் எளிதில் சிதறும்.

சோதித்தலும் பூட்டுதலும்

ஒவ்வொரு முறை சுடும்போதும், பயனற்ற ஒரு தகட்டுத் துண்டையும் உடன் பூசிச் சுடுக. ஆறியபின் அதில் கூரிய கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்கே 6 கோடுகளும் குறுக்கே 6 கோடுகளும் உலோகம் தெரியும்படி கீறினால் 25 கட்டங்கள் அமையும். அவற்றின்மேல் ஒட்டும் நாடாவை அழுத்தி வெடுக்கெனப் பிடுங்குக. ஒரு கட்டமும் பெயராவிடின் பூச்சு நன்கு பற்றிற்று. உறுப்பைக் கெடுக்காமலே அதன் தகுதியை அறியும் வழி இது. எம் இரண்டாம் மூடியோடு சுட்ட தகட்டில் ஒன்றும் பெயரவில்லை.

பூட்டி முடித்தபின் முதல் நூறு கிலோமீட்டர் ஓடியவுடன் எல்லாப் போல்டுகளையும் மறுமுறை இறுக்கிப் பார்த்தோம். அவற்றுள் இரண்டு சற்றே தளர்ந்திருந்தன. அவ்விரண்டும் யாம் மறைக்க மறந்த இடங்கள்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இவ்வேலையில் தெளிப்பதற்கு எமக்குச் சென்றது சில நிமிடம். சுடுவதற்குச் சென்றது ஒரு மணி. துலக்குவதற்கும் சோதிப்பதற்கும் சென்றது ஆறு வாரம். வண்டியைக் காண்பவர் முன்னதையே காண்பர். ஆயினும் பின்னதன்மேல்தான் முன்னது நிற்கின்றது. நும் வீட்டிலும் பழைய வண்டி ஒன்று கிடக்குமாயின், அதனைப் புதுக்குமுன், பழைய பூச்சை முற்றும் களைந்து உள்ளிருப்பதை ஒருமுறை உற்று நோக்குங்கள். மின்னும் பூச்சுக்கு ஆசைப்பட்டு அப்பார்வையைத் தவிர்ப்பீராயின், அடுத்த மலையிறக்கத்தில் நும் கால் எதனை நம்பி மிதிக்கும் என்பதை நீவிரே எண்ணிக்கொள்ளுங்கள்.

பாட்டனார் இப்பொழுது ஞாயிறுதோறும் மாலையில் அவ்வண்டியில் ஏரிக்கரை வரை சென்று வருகின்றார். புறப்படுமுன் குனிந்து பிரேக்கு மிதியை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்துக்கொள்கின்றார்.